புறச்செவித் தொற்றுக்கான மருந்துகள்: தமிழ் மருத்துவ எழுத்தின் சொல்லாட்சி குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

புறச்செவித் தொற்றுக்கு இன்று வழங்கப்படும் மருந்துகள் பெரும்பாலும் காதினுள் துளியாக விடப்படுபவை. எம்மருந்தை விடுவது என்பதை மூன்று வினாக்கள் முடிவு செய்கின்றன: நோய் செவியின் எப்பகுதியில் உள்ளது, செவிப்பறை முழுமையாக உள்ளதா, நோய்க்குக் காரணம் பாக்டீரியாவா பூஞ்சையா. பொதுமக்களுக்கான தமிழ் மருத்துவ எழுத்தில் புழங்கும் ‘காதுவலி’, ‘சீழ்’, ‘சொட்டு மருந்து’, ‘நுண்ணுயிர்க்கொல்லி’, ‘அழற்சி’ ஆகிய சொற்கள் இவ்வினாக்களை எழவிடாமல் செய்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அச்சொற்களை மருந்தியல் செய்திகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, இடத்தை முன்வைக்கும் மாற்று வரைவு ஒன்றை இக்கட்டுரை முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: புறச்செவி அழற்சி, செவிப்பறை, துளி மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி, பூஞ்சை, கலைச்சொல், மருத்துவத் தமிழ்.

1. முன்னுரை

தமிழில் மருத்துவ அறிவியலை எழுதும் முயற்சி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்ததோடு ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அவருடைய நூல்கள் மருத்துவம் பயிலும் மாணவரை நோக்கி எழுதப்பட்டவை. இன்றைய தமிழ் மருத்துவ எழுத்தோ பெரும்பாலும் நோயாளரையும் அவர்தம் குடும்பத்தாரையும் நோக்கியது. நாளிதழ் இணைப்புகள், நலவாழ்வு இதழ்கள், மருத்துவமனைத் துண்டறிக்கைகள், மருந்துக்கடை விளக்கங்கள் ஆகியவை அதன் களங்கள். மாணவர் ஒரு சொல்லைத் தவறாக உணர்ந்தால் ஆசிரியர் திருத்துவார். நோயாளர் தவறாக உணர்ந்தால் அதைத் திருத்துவார் அருகில் இல்லை.

இவ்வெழுத்தின் மொழியை ஆராய்வதற்குப் புறச்செவித் தொற்று தக்கதொரு களமாகும். இந்நோய் பரவலானது, பெரும்பாலும் எளிதில் தீர்வது. ஆயினும் மருந்தைத் தவறாகத் தேர்ந்தால் கேட்கும் திறனுக்கே ஊறு நேரக்கூடும். ஆய்வின் வசதிக்காகக் கீழ்வரும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இது எந்நூலிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. பொதுவழக்கிலுள்ள சொற்களைக் கொண்டு இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டது.

“காது வலித்தாலோ சீழ் வடிந்தாலோ நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு மருந்தைத் தினமும் மூன்று சொட்டு விட, அழற்சி நீங்கிக் காது குணமாகும்.”

இலக்கண நோக்கில் இவ்வாக்கியத்தில் பிழை இல்லை. பொருளும் எளிதில் விளங்குகிறது. ஆயினும் இதிலுள்ள ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லும் நோயாளர் அறியவேண்டிய ஒன்றை மறைக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்பது இக்கட்டுரையின் முறை.

2. ‘காதுவலி’: இடம் சுட்டாத சொல்

செவியைப் புறச்செவி, நடுச்செவி, உட்செவி என மூன்றாகப் பகுப்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். புறச்செவியின் செவிக்குழல் வளர்ந்தோர்க்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுடையது. அதன் வெளிப்பகுதி குருத்தெலும்பாலும் உட்பகுதி எலும்பாலும் ஆனது. குழல் முழுவதையும் தோல் போர்த்தியுள்ளது. அதன் முடிவில் செவிப்பறை நிற்கிறது. ஆகவே புறச்செவித் தொற்று என்பது அடிப்படையில் ஒரு தோல் நோய். செவிப்பறைக்கு அப்பால் உள்ள நடுச்செவியோ மூக்கின் பின்புறத்தோடு குழாயால் இணைந்த, சவ்வு போர்த்திய அறை. அங்கு வரும் தொற்று பெரும்பாலும் சளியைத் தொடர்ந்து வருவது.

இவ்விரு நோய்களும் வலி தருவன. இரண்டிலும் நீரோ சீழோ வடியலாம். ஆனால் மருத்துவம் வேறு. சிக்கலற்ற புறச்செவித் தொற்றுக்குத் துளி மருந்தே முதல் மருந்து. செவிப்பறை கிழியாத கடும் நடுச்செவித் தொற்றில், துளியாக விடும் நுண்ணுயிர்க்கொல்லி பறையைக் கடந்து நோயிடத்தை அடைவதில்லை. தேவைப்படின் வாய்வழி மருந்தே தரப்படுகிறது. ‘காதுவலி மருந்து’ என்னும் தொடர் இவ்வேறுபாட்டுக்கு இடம் தருவதில்லை.

இரண்டையும் பிரித்தறிய உதவும் எளிய குறிகளும் உண்டு. காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு குருத்தெலும்பு மேட்டை அழுத்தினாலோ காதுமடலை இழுத்தாலோ வலி மிகுவது புறச்செவித் தொற்றின் குறி. நடுச்செவித் தொற்றில் இவ்வாறு வலிப்பது வழக்கமன்று. பறை கிழிந்து சீழ் வெளிவந்ததும் அதுவரை இருந்த வலி தணிவதும் உண்டு. இக்குறிகள் மருத்துவரின் பார்வைக்கு ஈடாகா. எனினும் ‘காதில் இரு வேறு இடங்கள் உள்ளன’ என்னும் உணர்வை வாசகருக்குத் தருவதற்கு இவை போதும்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. இடத்தைச் சுட்டும் சொற்கள் தமிழில் இல்லாமல் இல்லை. புறச்செவி, செவிக்குழல், செவிப்பறை ஆகியவை எளிய, பொருள் விளங்கும் சொற்கள். வகுப்பறையில் கற்ற அச்சொற்களை மருத்துவக் கட்டுரை பயன்படுத்தாமல் விடுவதே குறை. இது சொல்வளத்தின் குறையன்று, எழுதுவோர் தேர்வின் குறை.

3. ‘சீழ்’: குறியால் பெயரிடும் மரபு

நோயை அதன் குறியால் பெயரிடுவது இந்திய மருத்துவ மரபுகளில் தொன்மையானது. சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் செவி நோய்களை 28 என எண்ணுகிறது. வலி, இரைச்சல், கேளாமை, ஒழுக்கு, தினவு, குறும்பி, புழு, நாற்றம் எனப் புலன்களால் அறியத்தக்கவற்றையே அப்பட்டியல் பெரிதும் அடிப்படையாகக் கொண்டுள்ளது. இதனைக் குறையாகக் கூறுதல் முறையாகாது. செவிப்பறையை உயிருள்ள மனிதரிடம் தெளிவாகக் காணும் வழி மேலை மருத்துவத்துக்கும் நெடுங்காலம் கிட்டவில்லை. நடுவில் துளையிட்ட குழியாடியால் ஒளியைச் செவிக்குள் செலுத்திக் காணும் முறையை அந்தோன் வான் திரோல்ச் 1850-களில் பரப்பிய பின்னரே, சீழ் எங்கிருந்து வருகிறது என்பதை மருத்துவர் வழக்கமாகக் கண்டறிய முடிந்தது.

பறையைக் காணும் கருவி வந்தபின்னும் குறியோடு நின்றுவிடும் எழுத்தே வினாவிற்குரியது. ‘சீழ் வடிதல்’ என்னும் குறி, பறை முழுமையாக உள்ள செவிக்கும் பறையில் துளையுள்ள செவிக்கும் பொதுவானது. மருந்தியல் நோக்கில் இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு பெரிது. நியோமைசின், ஜென்டாமைசின் ஆகியன அமினோகிளைகோசைடு வகையைச் சார்ந்தவை. இவை உட்செவியின் மயிர்ச் செல்களை அழிக்கவல்லவை. மனிதரிடம் அச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஜென்டாமைசினின் இத்தன்மையை மருத்துவர் வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. மெனியர் நோயின் கடும் தலைச்சுற்றலை அடக்குவதற்கு அம்மருந்தை நடுச்செவிக்குள் செலுத்தி, உட்செவியின் சமநிலை உறுப்பைச் செயலிழக்கச் செய்கின்றனர். பறையில் துளையுள்ள செவிக்குள் அதே வகை மருந்தைக் கண்காணிப்பின்றிப் பல நாள் விடுவதன் பொருள் இதிலிருந்து விளங்கும்.

அமெரிக்கச் செவி, மூக்கு, தொண்டை மருத்துவர் கழகம் 2006-இல் வெளியிட்டு 2014-இல் புதுப்பித்த வழிகாட்டு நெறி, பறையில் துளை இருப்பதாக அறிந்தாலோ ஐயுற்றாலோ செவிக்கு நஞ்சாகாத துளியையே தரவேண்டும் என்கிறது. ஓஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய குயினோலோன் வகைத் துளிகள் அவ்வாறு பயன்படுவன. பிரித்தானியச் செவி, மூக்கு, தொண்டை மருத்துவர் 2007-இல் எட்டிய ஒருமித்த கருத்து சற்று நெகிழ்வானது. வெளிப்படையான தொற்று உள்ளபோது அமினோகிளைகோசைடு துளியை இரண்டு வாரத்துக்கு மிகாமல் தரலாம் என்பது அது. இரு தரப்பும் வேறுபடும் இடம் இதுதான். ஆயினும், பறையின் நிலையை அறிந்த பின்னரே மருந்தை முடிவு செய்தல் வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை.

தமிழ் வாசகர்க்கு இது தொலைவான செய்தியன்று. நாட்பட்ட சீழ்வடியும் நடுச்செவி நோய் பற்றி உலக நலவாழ்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கை, இந்நோய் 4 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரிடம் காணப்படும் நாடுகளுள் இந்தியாவைச் சேர்த்துள்ளது. பறையில் துளையுள்ள செவிகள் நம்மிடையே மிகுதி. அத்தகைய சமூகத்தில் ‘சீழ் வடிந்தால் சொட்டு மருந்து’ என எழுதுவது பொறுப்பான எழுத்தாகாது.

4. ‘நுண்ணுயிர்க்கொல்லி’: மருந்தினும் பெரிய சொல்

‘ஆன்டிபயாடிக்’ என்பதற்கு ஈடாக நுண்ணுயிர்க்கொல்லி, நுண்ணுயிர் எதிரி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. நுண்ணுயிர் என்பது பாக்டீரியா, பூஞ்சை ஆகிய இரண்டையும் உள்ளடக்கும். வைரசையும் அதனுள் அடக்கிக் கூறுவது வழக்கம். ஆகவே நுண்ணுயிர்க்கொல்லி என்னும் சொல்லைக் கேட்கும் ஒருவர், எல்லா நுண்ணுயிரையும் கொல்லும் மருந்து எனக் கொள்வது இயல்பு. மருந்தோ அவ்வாறு செயல்படுவதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் பாக்டீரியாவின் மரபுப்பொருள் படியெடுப்பைத் தடுப்பது. பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது.

பிற நோய்களில் இச்சொல்லின் விரிவு பெருந்தீங்கு செய்யாதிருக்கலாம். புறச்செவியில் அது நேரடியாகவே வினையாற்றுகிறது. கடும் புறச்செவித் தொற்றின் பெரும்பகுதிக்குச் சூடோமோனாசு ஏருஜினோசா, ஸ்டஃபைலோகாக்கசு ஆரியசு ஆகிய பாக்டீரியாக்களே காரணம். ஆயினும் ஆஸ்பெர்ஜில்லசு, கேன்டிடா ஆகிய பூஞ்சைகளும் அங்கு வளர்கின்றன. வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலப்பகுதிகளில் அவற்றின் பங்கு கூடுதல். பூஞ்சைத் தொற்றில் வலியினும் தினவே மிகுதி. குழலுள் பஞ்சு போன்ற படலமும் சில வேளை கரும்புள்ளிகளும் காணப்படும். அதற்குரிய மருத்துவம் குழலைத் தூய்மை செய்தலும் குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் ஆகும். அங்குப் பாக்டீரிய மருந்தை விடுவதால் பயனில்லை. போட்டியிடும் பாக்டீரியா அழிவதாலும் குழல் நனைந்தே இருப்பதாலும் பூஞ்சை மேலும் தழைக்கக்கூடும்.

சொல் தரும் மயக்கத்தின் சுழற்சி இவ்வாறு அமைகிறது. தினவு வருகிறது, நுண்ணுயிர்க்கொல்லி விடப்படுகிறது, தினவு மிகுகிறது, ‘கொல்லி’ போதவில்லை எனக் கருதி மேலும் விடப்படுகிறது. பாக்டீரிய எதிர்ப்பு மருந்து, பூஞ்சை எதிர்ப்பு மருந்து என இரண்டாகப் பிரித்து எழுதின் இம்மயக்கம் குறையும். இலங்கைப் பாடநூல் மரபில் பற்றீரியா, பங்கசு எனச் சொல் வேறுபடினும், எழுதும் முறையில் இதே பிரிப்பைக் கைக்கொள்ள இயலும்.

எல்லாவற்றையும் ஒரே குப்பியில் அடக்கும் கூட்டு மருந்துகளும் இங்குக் கருதத்தக்கன. குளோராம்பெனிகால், குளோட்ரிமசோல், பெக்லோமெத்தசோன், லிக்னோகெயின் ஆகிய நான்கும் சேர்ந்த துளிகள் இந்தியச் சந்தையில் கிடைக்கின்றன. எக்காரணமாயினும் ஏதேனும் ஒன்று பயன்தரும் என்பது இக்கூட்டின் தருக்கம். ஆனால் முதன்மைக் காரணியான சூடோமோனாசு, குளோராம்பெனிகாலுக்கு இயல்பிலேயே எதிர்ப்புடையது என்பது நுண்ணுயிரியல் பாடநூற் செய்தி. மரப்பு மருந்தான லிக்னோகெயின், வலியைக் குறைப்பதோடு நோய் முற்றுவதன் அறிகுறியையும் மறைக்கலாம். நோயைப் பிரித்தறியாத சொல்லும் நோயைப் பிரித்தறியாத குப்பியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

5. ‘அழற்சி’யும் ஒவ்வாமையும்

அழல் என்னும் வேரிலிருந்து பிறந்த ‘அழற்சி’, வெப்பம், சிவப்பு, வீக்கம், வலி ஆகியவற்றோடு கூடிய உடலின் எதிர்வினையைக் குறிக்கும் செறிவான கலைச்சொல். அதற்கு நேர்ந்த இடர் ‘அலர்ஜி’ என்னும் சொல்லோடு அமைந்த ஒலியொப்புமை. ஒவ்வாமை என எழுதவேண்டிய இடத்தில் அழற்சி என எழுதும் வழக்கம் பரவியுள்ளது. தொற்று, அழற்சி, ஒவ்வாமை ஆகிய மூன்றையும் ஒரு பொருட்சொற்களாக ஆளும் கட்டுரைகளும் உள்ளன.

புறச்செவி மருந்துகளை விளக்குவதற்கு இம்மூன்றும் தனித்தனியே தேவை. தொற்று என்பது காரணம். அழற்சி என்பது அதன் விளைவு. துளி மருந்துகள் பலவற்றில் ஹைட்ரோகார்டிசோன், டெக்சாமெத்தசோன் முதலிய ஸ்டீராய்டுகள் சேர்க்கப்படுவது அழற்சியைத் தணித்து, வீக்கத்தையும் வலியையும் குறைப்பதற்காக. ஒவ்வாமையோ மருந்தாலேயே வரக்கூடியது. காதுத் துளிகளுள் தோல் ஒவ்வாமையை மிகுதியாகத் தூண்டுவதாக அறியப்பட்டது நியோமைசின். அம்மருந்தை விட்ட சில நாளில் தினவும் சிவப்பும் கூடி, காதுமடலுக்கும் தடிப்பு பரவினால், அது நோய் முற்றியதன் குறியாக இருக்கவேண்டும் என்பதில்லை. மருந்து ஒவ்வாததன் குறியாகவும் இருக்கலாம். ‘அழற்சி நீங்க மருந்து’ என்று மட்டும் படித்தவர், மருந்தே அழற்சி தருவதை எவ்வாறு ஐயுறுவார்?

ஸ்டீராய்டு என்னும் சொல்லும் விளக்கம் வேண்டுவது. விளையாட்டுச் செய்திகளின் ‘ஊக்கமருந்து’ வழியாகவே பலர் அச்சொல்லை அறிவர். சில நாள் காதில் விடும் துளியிலுள்ள ஸ்டீராய்டின் அளவையும் நோக்கத்தையும் ஒரு வாக்கியத்தில் கூறினால், வாசகர் அஞ்சி மருந்தை நிறுத்துவதைத் தவிர்க்கலாம்.

6. ‘அமிலம்’: அச்சம் தரும் எளிய மருந்து

புறச்செவி மருந்துகளுள் மிக எளியது 2 விழுக்காட்டு அசிட்டிக் அமிலக் கரைசல். நலமான செவிக்குழலின் பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. குறும்பி நீரை ஒட்டவிடாது. அடிக்கடி நீர் புகுவதாலும் குறும்பியை முற்றிலும் குடைந்தெடுப்பதாலும் இக்காப்பு குலைகிறது. அமிலத்தன்மை குறைந்த, நனைந்த தோலில் சூடோமோனாசு எளிதில் வளரும். இழந்த அமிலத்தன்மையை மீட்பதே இம்மருந்தின் செயல். பாக்டீரியா, பூஞ்சை ஆகிய இரண்டின் வளர்ச்சிக்கும் அது தடையாகும்.

19 ஆய்வுகளையும் 3382 பேரையும் உள்ளடக்கிய 2010-ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வு, முதல் வாரத்தில் அசிட்டிக் அமிலத்தின் பயன் பாக்டீரிய எதிர்ப்பு மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த துளிகளின் பயனுக்கு ஒத்திருந்ததையும், அதற்குமேல் மருத்துவம் நீளும்போது பின்தங்கியதையும் காட்டுகிறது. இத்தகைய மருந்து தமிழில் பேசப்படாமைக்கு அதன் பெயரும் ஒரு காரணம் ஆகலாம். ‘ஆசிட்’ என்பது தமிழ் வழக்கில் எரித்து அழிப்பதன் பெயர். காடி என்னும் பழஞ்சொல்லை நினைவூட்டி, ‘காடியிலுள்ள அமிலத்தின் நீர்த்த கரைசல்’ என விளக்கலாம். அவ்வாறு விளக்கும்போதே இரண்டு எச்சரிக்கைகளும் உடன் வேண்டும்: சமையலறைக் காடியைக் காதில் ஊற்றலாகாது, பறையில் துளையிருப்பின் இக்கரைசலையும் விடலாகாது.

எண்ணெய் பற்றியும் இங்குக் கூறுதல் பொருந்தும். காதுக்கு எண்ணெய் விடுவது நம் எண்ணெய்க் குளியல் வழக்கத்தின் பகுதி. இறுகிய குறும்பியை இளக்கவும், பறை முழுமையாக உள்ள காதில் புகுந்த பூச்சியை அடக்கவும் எண்ணெய் பயன்படும். புறச்செவித் தொற்றுக்கு அது மருந்தாகாது. காய்ச்சிய எண்ணெய் குழலைச் சுடுவதும், எண்ணெய்ப் படலம் மருத்துவரின் பார்வையை மறைப்பதும் உண்டு. வழக்கத்தை இகழ்ந்து எழுதும் கட்டுரையும் அதனைப் போற்றி எழுதும் கட்டுரையும் இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் விடுகின்றன.

7. ‘தினமும் மூன்று சொட்டு’: அளவின் மொழி

‘சொட்டு மருந்து’ என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது குழந்தைகளுக்கான போலியோ சொட்டு மருந்து. அது வாயில் விடப்படுவது. ஒவ்வொரு தவணையும் ஒரே வேளையில் முடிவது. காதுத் துளியோ குறைந்தது ஒரு வாரம் தொடரவேண்டியது. தொகுப்பாய்வின்படி, மருத்துவம் தொடங்கிய பின்னும் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஆறு நாள் நீடிக்கலாம். இதனை முன்கூட்டிச் சொல்லாவிடின், இரண்டாம் நாளே வேறு மருந்து தேடுவதும், வலி நின்றதும் நிறுத்திவிடுவதும் நேரும்.

‘தினமும் மூன்று சொட்டு’ என்பது நாள் முழுமைக்கும் மூன்றா, வேளைக்கு மூன்றா என்பது தெளிவில்லை. ‘வேளைக்கு மூன்று துளி, நாளுக்கு இரண்டு வேளை’ என எழுதுவதில் இடரில்லை. ‘விடு’ என்னும் வினையும் இருபொருள் உடையது. ‘ஏழு நாள் மருந்தை விடவும்’ என்பது இடுவதற்கும் நிறுத்துவதற்கும் ஏற்கும். ‘காதினுள் விடவும்’ என இடத்தைச் சேர்த்தால் ஐயம் நீங்கும்.

விடும் முறையும் மருந்தின் பகுதியே. குப்பியைக் கையில் சிறிது நேரம் பொதிந்து குளிர் நீக்கல், நோயுள்ள காது மேலிருக்கப் படுத்தல், குழலின் பக்கமாக மருந்து வழிய விடுதல், மடலை மெல்ல அசைத்தல், மூன்று முதல் ஐந்து மணித்துளிகள் அசையாதிருத்தல் ஆகியவை சேர்ந்தாலன்றி மருந்து உள்ளே சேராது. பிறர் விடுவது எளிது. குழல் வீங்கி மூடியிருப்பின் மருத்துவர் திரி வைத்து அதன் வழியே மருந்தை ஊறச் செய்வார். சீழும் கழிவும் அடைத்திருப்பின் முதலில் தூய்மை செய்வார். தூய்மை செய்யாத காதில் எத்தகைய மருந்தும் கழிவின்மேல் விழுந்து வீணாகும்.

துளியைவிட மாத்திரை வலியது என்னும் எண்ணத்தையும் எழுத்து திருத்தவேண்டும். 0.3 விழுக்காட்டுச் சிப்ரோஃப்ளாக்சசின் துளியின் ஒரு மில்லிலிட்டரில் 3000 மைக்ரோகிராம் மருந்து உள்ளது. 500 மி.கி. மாத்திரையை விழுங்கினால் இரத்தத்தில் எட்டும் உச்சச் செறிவு மில்லிலிட்டருக்கு 2.4 மைக்ரோகிராம் அளவினது. நோயிடத்தில் துளியின் செறிவு ஆயிரம் மடங்குக்கும் மேல். சிக்கலற்ற புறச்செவித் தொற்றுக்கு வாய்வழி நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடக்கத்தில் தரலாகாது என 2014 நெறி கூறுவதன் அடிப்படைகளுள் இதுவும் ஒன்று. தொற்று குழலுக்கு வெளியே பரவினாலோ, நீரிழிவு, எதிர்ப்பாற்றல் குறைவு முதலியன இருந்தாலோ அவ்விதி மாறும்.

8. மொழிபெயர்ப்பில் மாறும் நோய்கள்

இந்நோயின் ஆங்கில வழக்குப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘நீச்சல்காரர் காது’ என எழுதுவோர் உளர். நீந்தாதவர் இது தமக்குரிய நோயன்று எனக் கருதுவர். ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழியிறகு ஆகியவற்றால் காது குடைவது நம்மிடையே குழல் தோல் சிராய்வதற்குப் பொதுவான காரணம். பெயர்ப்பு அதனை மறைக்கிறது.

இதனினும் தீங்கானது மற்றொரு பெயர்ப்பு. நீரிழிவுடைய முதியோரிடம் சூடோமோனாசு தொற்று செவிக்குழலிலிருந்து மண்டையோட்டு அடிப்பகுதி எலும்புக்குப் பரவும் நிலையை 1968-இல் ஜேம்சு சேன்ட்லர் ‘மாலிக்னன்ட்’ என்னும் அடைமொழியிட்டு விவரித்தார். அச்சொல்லின் கொடுமைப் பொருளை அவர் கருதினார். தமிழிலோ அவ்வடைமொழிக்குப் ‘புற்று’ என்பதே பழகிய ஈடு. அவ்வாறு பெயர்த்தால் தொற்று நோய் புற்றுநோய் ஆகிவிடும்; நோயாளர் செல்லும் திசையே மாறிவிடும். இதற்குத் தேவைப்படுவது பல வாரம் தொடரும், சூடோமோனாசை அடக்கவல்ல மருந்து. ‘திசு அழிக்கும் புறச்செவித் தொற்று’ எனலாம். நீரிழிவுடைய ஒருவருக்கு இரவில் உறங்கவிடாத காதுவலியும் துளிக்கு அடங்காத ஒழுக்கும் இருந்தால், முகம் ஒருபுறம் கோணுவதற்கு முன்னரே அவர் மருத்துவமனை சேரவேண்டும். நீரிழிவு மலிந்த தமிழகத்தில் புறச்செவி பற்றிய எந்தக் கட்டுரையும் விட்டுவிடக் கூடாத செய்தி இது.

9. மாற்று வரைவு

மேற்கூறியவற்றைக் கொண்டு முதல் வாக்கியத்தைக் கீழ்வருமாறு மாற்றி எழுதலாம்.

“காதுமடலை இழுத்தால் வலிக்கிறதா? தொற்று புறச்செவியில் இருக்கலாம். மருந்து விடுமுன் மருத்துவர் உங்கள் செவிப்பறையைப் பார்க்கவேண்டும். பறையில் துளை இருந்தால் சில துளி மருந்துகள் கேட்கும் திறனைக் கெடுக்கும். முன்பு எப்போதேனும் காதில் சீழ் வடிந்திருந்தாலும், உங்களுக்கு நீரிழிவு இருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள். உங்கள் தொற்று பாக்டீரியாவாலா பூஞ்சையாலா எனக் கேளுங்கள்; இரண்டுக்கும் மருந்து வேறு. தந்த மருந்தை அவர் சொன்ன நாள் வரை, வேளைக்கு இத்தனை துளி என்ற கணக்கில் காதினுள் விடுங்கள். மூன்று நாளில் வலி குறையாவிட்டாலும், மருந்து விட்டபின் தினவும் தடிப்பும் கூடினாலும் மீண்டும் செல்லுங்கள். காதை நனையாமல் காத்துக்கொள்ளுங்கள், குடையாதீர்கள்.”

இவ்வரைவு முந்தைய வாக்கியத்தைவிட நீண்டது. பொதுமக்களுக்கான எழுத்து சுருக்கமாக இருத்தல் வேண்டும், நோயாளர் அறிவது குறியை மட்டுமே, ஆகவே குறியைச் சொல்லி எழுதுவதே முறை என்னும் மறுப்பு எழலாம். குறியில் தொடங்குவது முறையே. இவ்வரைவும் வலியிலிருந்தே தொடங்குகிறது. குறியிலிருந்து நேரே மருந்துக்குத் தாவுவதே பிழை. இடையில் இடத்தையும் காரணத்தையும் வைத்தால், வாசகர் கையில் மருந்தின் பெயருக்கு மாறாக, மருத்துவரிடம் கேட்கவேண்டிய வினா கிடைக்கிறது. இதில் ஆளப்பட்ட கலைச்சொற்கள் புறச்செவி, செவிப்பறை, தொற்று, பாக்டீரியா, பூஞ்சை, நீரிழிவு ஆகியவை மட்டுமே. பள்ளிக் கல்வி பெற்ற எவருக்கும் இவை அயலானவை அல்ல.

10. முடிவுரை

புறச்செவித் தொற்றுக்கான மருந்தியல் தெளிவானது. சிக்கலற்ற நோய்க்குத் துளியே முதன்மை. பறையின் நிலை மருந்தின் வகையை முடிவு செய்யும். பாக்டீரியாவும் பூஞ்சையும் வெவ்வேறு மருந்து கேட்பவை. நீரிழிவு இவ்வெல்லா விதிகளையும் மாற்றவல்லது. இவற்றைச் சொல்வதற்குத் தமிழில் சொற்கள் உள்ளன. பொது எழுத்து அவற்றை விடுத்து, காதுவலி, சீழ், நுண்ணுயிர்க்கொல்லி என வேறுபாடு காட்டாத சொற்களில் தங்கிவிடுவதை இக்கட்டுரை சுட்டியது.

இதிலிருந்து மருத்துவத் தமிழ் ஆய்வுக்கு ஒரு நெறி பெறப்படும். கலைச்சொல்லை மதிப்பிடும்போது, அது தூய தமிழா, எளிதில் ஒலிக்கத் தக்கதா என்னும் வினாக்களை மட்டுமே பெரும்பாலும் எழுப்புகிறோம். அச்சொல்லைப் படித்தபின் நோயாளர் என்ன செய்வார் என்னும் வினாவையும் அவற்றோடு சேர்த்தல் வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி தூய தமிழ்ச்சொல். ஆயினும் பூஞ்சையுள்ள காதில் அது தவறான மருந்தை நாடச் செய்கிறது. கண் மருந்துகள், தோல் களிம்புகள், குழந்தைகளுக்கான நீர்ம மருந்துகள் ஆகியவை பற்றிய தமிழ் எழுத்தையும் இவ்வினாவைக் கொண்டு ஆராய்வது அடுத்த பணியாக அமையலாம்.